ஆலோசனை அறையில் சாதியைக் கேட்கலாமா?

கேள்வி: மார்ச் 9, 2025

நான் கோவையில் முதுகலை உளவியல் படிக்கிறேன். ஜூனில் களப்பயிற்சி. வருபவரின் சாதி, மதம் எதையும் தெரிந்துகொள்ளாமல் இருப்பதுதான் நடுநிலை, மனம் எல்லாருக்கும் ஒன்றுதான் என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். எனக்கு அது முழுதாகச் சரியாகப் படவில்லை. ஒரே ஆள் தலித்தாகவும் பெண்ணாகவும் காது கேளாதவராகவும் இருந்தால் எதிலிருந்து தொடங்குவது? சாதியை வாய்விட்டுக் கேட்கலாமா அக்கா? புண்படுத்திவிடுவோமோ?

மார்ச் 9, இரவு

கேட்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதை முதலில் சொல்கிறேன். இன்று ஆலோசகராக இருக்கும் எனக்கே நடந்தது.

2009. எனக்கு 26 வயது, முதல் வேலை. மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கினாலே வயிறு பிசையும். ராத்திரி தூக்கம் கிடையாது. ஒரு ஆலோசகரிடம் போனேன். நல்லவர், பொறுமையாகக் கேட்பார். மூன்றாவது தடவை தைரியம் வந்து, "என் டப்பாவிலிருந்து யாரும் ஒரு வாய் எடுக்க மாட்டாங்க மேடம், நான் பக்கத்துல போனா அவங்க டப்பாவை மூடிடுவாங்க" என்றேன். ஏன் என்று கேட்டார். சாதி என்றேன். என் கழுத்தில் இருந்த சிலுவையைப் பார்த்துவிட்டு, "நீங்கதான் கிறிஸ்டியனாச்சே, உங்களுக்கு ஏதும்மா சாதி?" என்றார்.

கேலியாகச் சொல்லவில்லை. உண்மையிலேயே அவருக்குத் தெரியாது. திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் குறுக்கே ஒரு சுவர் உண்டு. என் தாத்தா சுவருக்கு இந்தப் பக்கம் கிடக்கிறார். 1950-ல் வந்த குடியரசுத் தலைவர் ஆணைப்படி இந்துக்கள்தான் பட்டியல் சாதியில் வர முடியும். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள், எங்களைச் சேர்க்கவில்லை. தமிழ்நாட்டில் எங்களுக்குப் பி.சி. சான்றிதழ். ஊருக்குத் தலித், சான்றிதழில் பி.சி., கோயிலில் பூசைக்குப் போனால் கடைசி வரிசை.

இவ்வளவையும் அந்த அம்மாவுக்கு நான் உட்கார்ந்து பாடம் எடுத்தேன். ஒரு மணி நேரத்தில் நாற்பது நிமிடம் அதற்கே போனது. காசு நான் கொடுத்த காசு. அதோடு நான்காவது தடவை போகவில்லை.

அதனால் கேட்கலாம், கேட்க வேண்டும். எப்படி என்பதை நாளை எழுதுகிறேன், இப்போது கண் எரிகிறது.

மார்ச் 10

"என்ன சாதி?" என்று நம் ஊரில் யாரும் நேராகக் கேட்பதில்லை. எந்த ஊரு, எந்தத் தெரு, அப்பா என்ன பண்றாரு. இந்த மூன்றைக் கேட்டால் கேட்டவருக்குச் சாதி தெரிந்துவிடும், சாதியைத்தான் கேட்கிறார் என்று பதில் சொல்பவருக்கும் தெரிந்துவிடும். இப்போது உங்கள் பயிற்சி மையத்தின் பதிவுப் படிவத்தை எடுத்துப் பாருங்கள். முகவரி, தந்தை பெயர், தொழில். அதே மூன்று. கதவைத் தாண்டி உள்ளே வரும் முன்பே நாம் கேட்டாயிற்று. அப்புறம் அறைக்குள் உட்கார்ந்து எதுவும் தெரியாதது போல் இருப்பதை நடுநிலை என்று எப்படிச் சொல்வது?

நான் முதல் நாள் சொல்வது ஏறத்தாழ இதுதான்: "உங்க கஷ்டத்துக்குப் பின்னால சாதி இருக்கலாம், மதம், பணம், உடம்பு, குடும்பம், மனசுக்குப் பிடிச்ச ஆளு, எது வேணா இருக்கலாம். எதை வேணா இங்க பேசலாம். இன்னைக்கே சொல்லணும்னு இல்லை. இதுல எதுவுமே இல்லைன்னாலும் சரி." அவ்வளவுதான். பெரும்பாலும் அன்றைக்கு யாரும் எதுவும் சொல்ல மாட்டார்கள். சிலர் ஆறாவது வாரம், கிளம்பும்போது, செருப்பு மாட்டிக்கொண்டே சொல்வார்கள். அதற்காக அடுத்த ஆளுக்கு முன் கால் மணி நேரம் காலியாக வைத்திருக்கிறேன்.

இன்னொன்று. 2013-ல் டி.எஸ்.எம்.-5 (மனநோய்களை வகைப்படுத்தும் அமெரிக்கக் கையேடு) வந்தபோது அதோடு பண்பாடு சார்ந்த நேர்காணல் ஒன்றும் வந்தது, 16 கேள்விகள். படித்திருப்பீர்கள். அதில் எனக்கு அதிகம் உதவியது, இந்தப் பிரச்சினையை உங்கள் குடும்பத்தாரிடமோ நண்பர்களிடமோ எப்படி விவரிப்பீர்கள் என்ற கேள்வி. நான் அதை "உங்க வீட்ல இதை என்னன்னு சொல்றாங்க?" என்று மாற்றிக்கொண்டேன். நெஞ்சடைப்பு, யோசனை ஜாஸ்தி, காத்துக் கருப்பு, உடம்பெல்லாம் எரியுது, திமிரு. ஆமாம், திமிரு. வேலைக்குப் போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்த ஒரு மருமகளுக்கு அந்த வீட்டில் வைத்த பெயர் அது. 'மனச்சோர்வு' என்று சொல்லிக்கொண்டு என்னிடம் இதுவரை ஒருவர்கூட வந்ததில்லை.

மார்ச் 10, சற்று முன் எழுதாமல் விட்டது

"வாங்க, உட்காருங்க." இதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். தாலுகா ஆபீசில், ஆஸ்பத்திரியில், ரேஷன் கடையில் வாழ்நாள் முழுக்க 'நீ', 'வா', 'போ' கேட்டே வளர்ந்த அறுபது வயதுப் பெண்மணி ஒருவர், நான் "வாங்கம்மா" என்றதும் திரும்பிப் பின்னால் பார்த்தார். வேறு யாரையோ கூப்பிடுகிறேன் என்று.

மார்ச் 14

நீங்கள் கேட்ட அதே மாதிரி ஒருவர் என்னிடம் வந்திருக்கிறார். தலித், பெண், பிறவியிலேயே காது கேளாதவர். வயது 24. நூற்பாலையில் வேலை. அவருடைய அம்மா கூட்டிவந்தார். "மில்லுக்குப் போக மாட்டேங்குறா, சோறு இறங்கல, ராத்திரி எந்திரிச்சு குத்தவச்சு உக்காந்திருக்கா."

அம்மாவையே மொழிபெயர்க்கச் சொன்னேன். முதல் தப்பு அது. அந்தப் பெண் மூக்கின் கீழே விரலை வைத்து மீசையை முறுக்குவது போல் காட்டினார். அப்புறம் கையால் தன் கழுத்தை அழுத்திக் காட்டினார். அம்மா, "அவங்க அப்பாவைச் சொல்றா. அவரு செத்ததுல இருந்து இப்படித்தான்" என்றார். 'தந்தையை இழந்த துக்கம்' என்று குறிப்பேட்டில் எழுதினேன். மூன்று வாரம் அந்தத் துக்கத்தைப் பற்றியே வேலை செய்தோம். அப்பாவின் போட்டோவைக் கொண்டுவரச் சொன்னேன். அதை அவர் என்னிடம் மரியாதைக்காக நீட்டியது இன்னும் கண்ணில் நிற்கிறது. போட்டோவில் இருந்தவருக்கு மீசையே இல்லை. அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

நான்காவது வாரம் ஓய்வுபெற்ற ஒரு சிறப்புப் பள்ளி ஆசிரியையைத் தேடிப் பிடித்தேன். அம்மாவை வெளியே டீயோடு உட்காரவைத்தோம். ஆசிரியை உள்ளே வந்ததும் என்னிடம் சொன்ன முதல் வார்த்தை: "ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உக்காந்திருக்கீங்க. உங்க முகமே அவளுக்குத் தெரியாது, இருட்டு." நாற்காலியை மாற்றிப் போட்டேன். மூன்று வாரம் அந்தப் பெண் பார்த்தது என் நிழலைத்தான். உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வார் என்று நான் நினைத்தது வேறு. நல்ல வெளிச்சத்திலும் 'படம்', 'மடம்' இரண்டுக்கும் உதடு ஒரே மாதிரிதான் அசையும், கண்ணாடி முன் சொல்லிப் பாருங்கள்.

மீசை, மில் சூப்பர்வைசர். இரவு ஷிப்ட். இனி நான் விளக்க வேண்டாம்.

அம்மாவுக்கு முதல் நாளிலிருந்தே தெரியும். என்னை ஏமாற்ற அவர் மாற்றிச் சொல்லவில்லை. சூப்பர்வைசர் அதே ஊர், நிலம் வைத்திருக்கும் சாதி. மில்லில் முன்பணம் வாங்கியிருக்கிறார்கள். வெளியே போய் நான் பக்கத்தில் உட்கார்ந்ததும் அந்த அம்மா கேட்டது ஒன்றுதான்: "சொல்லிட்டு நாங்க அந்த ஊர்ல இருக்க முடியுமா?" என்னிடம் பதில் இல்லை.

தூக்கத்தைப் பற்றியும் எழுதிவிடுகிறேன், அதில்தான் நான் அதிகம் கற்றேன். எல்லாருக்கும் சொல்வதை அவருக்கும் சொல்லியிருந்தேன்: விளக்கை அணையுங்கள், அறை இருட்டாக இருக்கட்டும், போனைத் தள்ளி வையுங்கள். காது கேளாத ஒருவருக்கு, அதுவும் ராத்திரியில் ஒருவன் பின்னாலிருந்து வந்து தொட்டதை அனுபவித்தவருக்கு, விளக்கை அணை என்றால் என்ன அர்த்தம்? இருந்த ஒரே காவலையும் பிடுங்கியிருக்கிறேன். அந்தப் பயத்தில்தான் அவர் முதலிலிருந்தே குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். அப்புறம் மூன்று பேருமாக யோசித்தோம். ஜீரோ வாட் பல்பு. பாயைக் கதவு தெரிகிற மாதிரி திருப்பிப் போடுவது. கடைசி யோசனை அவருடையது: பழைய சேலைக் கிழிசலில் ஒரு கயிறு திரித்து, ஒரு முனை தன் மணிக்கட்டில், மறு முனை அம்மா கையில். பயம் வந்தால் இழுப்பார், அம்மா திருப்பி இழுப்பார். பத்து நாளில் தூங்க ஆரம்பித்தார். எந்தப் பாடநூலிலும் அந்தக் கயிறு கிடையாது.

மார்ச் 15

ஒருவர் தனிச்செய்தியில் கேட்டார், இப்படி எழுதலாமா என்று. நியாயமான கேள்வி. யாரைப் பற்றி எழுதினாலும் அவரிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். ஊர், வயது, வேலை ஆகியவற்றில் வேண்டியதை மாற்றியிருக்கிறேன். கயிறும் மீசையும் அப்படியே இருக்கட்டும் என்று அவரே சொன்னார்.

மார்ச் 22

அந்தப் பெண்ணின் புகாரை எடுத்துக்கொண்டு நான் அலைந்ததைச் சொன்னால் உங்கள் 'எதிலிருந்து தொடங்குவது' கேள்விக்குப் பாதி பதில் வந்துவிடும்.

பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013 சட்டப்படி பத்து பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் உள் புகார்க் குழு இருக்க வேண்டும். இருந்தது. சைகை தெரிந்தவர் ஒருவரும் இல்லை. "எழுதிக் கொடுக்கச் சொல்லுங்க" என்றார்கள். சைகை மொழியின் இலக்கணம் வேறு, தமிழ் எழுத்து அவருக்கு இரண்டாவது மொழி. ஐந்தாம் வகுப்போடு நின்றவர் வேறு. தலித் பெண்களுக்காக உயிரைக் கொடுத்து வேலை செய்யும் தோழிகளிடம் போனேன். உடனே வந்தார்கள், ஆனால் அவருடன் பேச முடியாமல் என்னிடமே பேசினார்கள். காது கேளாதோர் சங்கத்தில் பஸ் பாஸ், உதவித்தொகை, அடையாள அட்டை எல்லாம் நன்றாகச் செய்வார்கள். சங்கத்தில் முக்கால்வாசி ஆண்கள். "இதுல சாதியை இழுக்காதீங்க மேடம்" என்றார்கள். ஒவ்வொரு வாசலிலும் அவருடைய மூன்றில் ஒரு பங்கை மட்டும் உள்ளே விட்டார்கள்.

அமெரிக்காவில் சட்டப் பேராசிரியர் கிம்பர்லே கிரென்ஷா 1989-ல் எழுதியது இதைத்தான். ஜெனரல் மோட்டார்ஸ் மேல் ஐந்து கறுப்பினப் பெண்கள் போட்ட வழக்கு. கம்பெனி கறுப்பின ஆண்களை ஆலையில் வைத்திருந்தது, வெள்ளையினப் பெண்களை அலுவலகத்தில் வைத்திருந்தது. பெண்களை வேலைக்கு எடுத்திருப்பதால் பெண் பாகுபாடு இல்லை, இனப் பாகுபாட்டுக்கு ஏற்கெனவே நடக்கும் வேறொரு வழக்கில் சேர்ந்துகொள்ளுங்கள், இரண்டையும் சேர்த்துப் புதிதாக ஒரு குறையைக் கேட்க முடியாது என்று 1976-ல் நீதிமன்றம் சொல்லிவிட்டது. கறுப்பினப் பெண்ணாக இருப்பதாலேயே வேலை போனவர்களுக்குப் போக ஒரு வாசல் இல்லை. மூன்று அடையாளத்தைக் கூட்டிப் போட்டால் மூன்று மடங்கு துன்பம் என்று வரும் கணக்கு அது இல்லை. அந்த மில் பெண்ணைச் சூப்பர்வைசர் தேர்ந்தெடுத்த காரணம் ஒன்றுதான்: இவள் கத்த மாட்டாள், கத்தினாலும் ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். காது, சாதி, பெண் மூன்றும் அந்த ஒரே காரணத்துக்குள் இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது என்று பிரிக்கப் போனால் நடந்ததே கையில் அகப்படாது.

ஆசிரியையை வைத்து வாக்குமூலத்தை வீடியோவில் எடுத்துக் கொடுத்தோம். சூப்பர்வைசரை வேறு ஷிப்டுக்கு மாற்றினார்கள். அவ்வளவுதான் நடந்தது. இந்தப் பெண் மில்லுக்குத் திரும்பவில்லை.

ஏப்ரல் 3

மேலே படித்துப் பார்த்தேன். எல்லாவற்றையும் சரியாகப் புரிந்துகொண்ட ஆள் மாதிரி தொனிக்கிறது. இன்னொரு தப்பையும் எழுதியாக வேண்டும், இது எதிர்ப்பக்கத் தப்பு.

திருநம்பி ஒருவர் வந்தார், பெண் என்று வளர்க்கப்பட்டு ஆணாக வாழ்பவர். 30 வயது இருக்கும். மொட்டைத் தலை. நான் அப்போதுதான் பாலின அடையாளம் பற்றி ஒரு பயிற்சி முடித்திருந்தேன். ஆண் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், படிவத்தைத் திருத்தினேன், ஹார்மோன், அறுவை, வீட்டில் எப்போது சொன்னீர்கள் என்று மெதுவாக, அழகாகக் கேட்டேன். இரண்டு அமர்வு. அவரும் பதில் சொன்னார். இரண்டாவது அமர்வின் முடிவில், "மேடம், எங்கப்பா போய்ப் பதினாறு நாள்தான் ஆகுது" என்றார்.

மொட்டை அதற்காகப் போட்டது. தலையைப் பார்த்தும் நான் கேட்கவில்லை, அதை வேறு கணக்கில் சேர்த்துக்கொண்டேன்.

அப்பாவுக்குக் கொள்ளி வைக்க இவரை விடவில்லை. மகனில்லாத வீடு என்று சித்தப்பா மகனைக் கூப்பிட்டு வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இவர் சுடுகாட்டு மதில் பக்கம் நின்று பார்த்துவிட்டு, நேராக ஒரு சலூனுக்குப் போய்த் தானே காசு கொடுத்து மொட்டை போட்டுக்கொண்டிருக்கிறார். சலூன்காரர், "யாருக்குண்ணே?" என்று கேட்டாராம். "அப்பாவுக்கு" என்றதும் காசு வாங்கவில்லையாம். இதைச் சொல்லும்போதுதான் முதல் முறையாக அழுதார். "அந்தாளு ஒருத்தர்தான் மேடம் என்னை மகன்னு வச்சுப் பேசுனாரு."

பாலினம் அந்தத் துக்கத்துக்குள் இருக்கிறது, சந்தேகமே இல்லை. ஆனால் அவர் வந்தது அப்பாவுக்காக. எதை முதலில் மேசையில் வைப்பது என்பது அவர் கையில் இருக்க வேண்டியது. நான் பிடுங்கிக்கொண்டேன். மார்ச் 10-ல் எழுதிய 'இதுல எதுவுமே இல்லைன்னாலும் சரி' என்ற வரி அவருக்குப் பிறகுதான் என் பேச்சில் சேர்ந்தது.

ஏப்ரல் 4

இதை ஒட்டியே ஒன்று. 1998-ல் மெலானி டெர்வலான், ஜான் மர்ரே-கார்சியா என்ற இரண்டு மருத்துவர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். பண்பாட்டுத் தேர்ச்சி என்று சொல்வதை விட்டுவிட்டுப் பண்பாட்டுப் பணிவு என்று சொல்வோம் என்பது அவர்கள் வாதம். அதில் வரும் ஒரு சம்பவத்தை நான் மறப்பதில்லை. அறுவை முடிந்து சில மணி நேரமான லத்தீன் அமெரிக்கப் பெண் ஒருவர் வலியில் முனகுகிறார். பக்கத்தில் வந்த மருத்துவர், ரொம்ப வலி போலிருக்கிறதே என்கிறார். செவிலியர், நான் பண்பாட்டு வகுப்புக்குப் போயிருக்கிறேன், இந்த மக்கள் வலியைக் கூட்டித்தான் காட்டுவார்கள் என்கிறார். வகுப்பில் படித்தது நோயாளிக்கு எதிராகவே திரும்பிவிட்டது. மொட்டைத் தலையைப் பார்த்து நான் செய்ததும் அதுதான்.

ஏப்ரல் 15

இன்று திருநங்கையர் தினம். தமிழ்நாடு 2008-ல் இவர்களுக்கு நல வாரியம் அமைத்தது, பிறகு ஏப்ரல் 15-ஐத் திருநங்கையர் நாளாக அறிவித்தது. 2014-ல் மூன்றாம் பாலினத்தை உச்ச நீதிமன்றம் அங்கீகரித்த நால்சா தீர்ப்பும் இதே தேதியில் வந்தது. முப்பது வருடத்துக்கு முன் இவர்களைக் கூப்பிட நம் ஊரில் வசைச்சொற்கள்தான் இருந்தன. 'திருநங்கை' என்ற சொல் பரவிய பிறகு அம்மாக்கள் தங்கள் பிள்ளையைப் பற்றி என்னிடம் பேசும் விதமே மாறியதைப் பார்த்தேன்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சொன்னேன் அல்லவா, அதில் 'தந்தை/கணவர் பெயர்' என்ற கட்டத்தில் ஒரு திருநங்கை பேனாவை வைத்துக்கொண்டு ஐந்து நிமிடம் உட்கார்ந்திருந்தார். அப்பா வீட்டை விட்டுத் துரத்தியவர். ஜமாத்தில், அதாவது திருநங்கையர் சேர்ந்து வாழும் குழுவில், தத்தெடுத்த அம்மா இருக்கிறார், காய்ச்சல் என்றால் கஞ்சி வைத்துக் கொடுப்பவர் அவர். அந்த அம்மாவுக்குப் படிவத்தில் இடமில்லை. இப்போது அங்கே, 'அவசரத்துக்கு யாரைக் கூப்பிடட்டும்?' என்று மட்டும் இருக்கிறது.

சி.பி.டி., அதாவது எண்ணப் பிழைகளைக் கண்டு திருத்தும் சிகிச்சை பற்றிக் கேட்டிருந்தீர்கள். அவரை வைத்தே சொல்கிறேன். "டீக்கடைக்குப் போனா எல்லாரும் என்னையே பாக்குறாங்க." பாடப்படி இந்த எண்ணத்துக்குச் சான்று என்ன, எதிர்ச்சான்று என்ன என்று எழுதவைக்க வேண்டும். எதிர்ச்சான்றே கிடையாது, எல்லாரும் பார்க்கத்தான் செய்கிறார்கள். உண்மையை எண்ணப் பிழை என்று சொன்னால் அவர் அடுத்த வாரம் வர மாட்டார். நான் கேட்டது வேறு: கடையை விட்டு வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகும் அந்தப் பார்வை கூடவே வருகிறதா? வருகிறது என்றார். குளிக்கும்போதும் வருகிறதாம். அங்கிருந்து வேலை தொடங்கினோம். தெருவில் அவர் எச்சரிக்கையாக இருப்பது அவர் உயிரைக் காப்பது, அதில் நான் கை வைக்க மாட்டேன். குளியலறைக்குள் வருவதைத்தான் வெளியே அனுப்ப வேண்டும். சி.பி.டி.யைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை, எந்த எண்ணத்தின் மேல் அதைப் பிரயோகிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஏப்ரல் 27

தண்ணீர்.

கொரோனாவுக்குப் பிறகு என் அறையில் பேப்பர் கப் வைத்திருந்தேன். சுத்தம் என்று நினைத்து. எனக்கு மட்டும் வீட்டிலிருந்து கொண்டுவந்த எவர்சில்வர் சொம்பு. நகராட்சியில் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளராக இருக்கும் ஒரு அக்கா, வந்த ஆறு வாரமும் அந்தத் தண்ணீரைத் தொடவில்லை. வெயிலில் நடந்து வருவார், நாக்கு வறண்டு பேச்சு ஒட்டும், கப் அப்படியே இருக்கும். ஏழாவது வாரம் அவரே சொன்னார்: "நாங்க கூட்டுற வீட்டுல எல்லாம் இதுலதான் தருவாங்க. குடிச்சிட்டு நாங்களே குப்பையில போட்டுக்கணும்."

இரட்டைக் குவளை பற்றி நான் மேடையில் பேசியிருக்கிறேன். நானே அந்த அனுபவத்தில் வளர்ந்தவள். என் மேசையிலேயே அது வேறு வடிவத்தில் இருந்தது எனக்குத் தெரியவில்லை. மறுநாள் ஆறு எவர்சில்வர் டம்ளர் வாங்கினேன், எல்லாம் ஒரே மாதிரி. எனக்கும் அதில்தான். அடுத்த வாரம் அந்த அக்கா டம்ளரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தார், என் டம்ளரையும் பார்த்தார், அண்ணாந்து ஊற்றிக் குடித்தார். அதற்கடுத்த வாரம் வாய் வைத்துக் குடித்தார்.

மே 1

செய்தியைப் பார்த்திருப்பீர்கள். 'காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக முதல்வர் சட்டமன்றத்தில் அறிவித்திருக்கிறார். சந்தோஷம். முகவரிக் கட்டத்தில் அந்தச் சொல்லை எழுதும்போது கை சற்று நிற்பதை இத்தனை வருடம் எதிர் நாற்காலியிலிருந்து பார்த்தவள் நான்.

மே 18

மேலே தண்ணீர் குடித்த அக்காவைப் பற்றி ஒரு திருத்தம். திருத்தம் என்பதைவிட, அதில் சொல்லாமல் விட்டது.

அவர் என்னிடம் வந்தது அசதிக்காக. எப்போதும் களைப்பு, படிக்கட்டு ஏறினால் படபடப்பு, எதிலும் ஈடுபாடில்லை, அழுகை. காலை ஐந்தரைக்கு வேலை, மேஸ்திரியின் ஏச்சு, கணவர் குடி. எனக்குக் காரணங்கள் வரிசையாகத் தெரிந்தன. ஒடுக்குமுறை மனதை எப்படி அரிக்கும் என்று எனக்குத் தெரியாதா? இரண்டு மாதம் அதையே பேசினோம். அவருக்கும் நெஞ்சு லேசானது, உண்மைதான். களைப்பு மட்டும் போகவில்லை.

ஒருநாள் என் உதவியாளர், நர்சிங் படித்த பெண், அவருடைய கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்துவிட்டு என்னை உள்ளே கூப்பிட்டாள். வெளுத்துப் போயிருந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எடுத்த ஹீமோகுளோபின் 6.8. பெண்களுக்கு 12 இருக்க வேண்டும். மாதாமாதம் அதிக உதிரப்போக்கு, பல வருடமாக. யாரிடமும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. படபடப்பை நான் பதற்றம் என்று எழுதி வைத்திருந்தேன், ரத்தசோகையிலும் அதேதான் வரும்.

அவருடைய சாதியையும் வேலையையும் நான் நன்றாகவே புரிந்துகொண்டிருந்தேன். அதனாலேயே அவருடைய ரத்தம் எனக்குத் தெரியவில்லை. இதை இந்த இழையில் எழுதாமல் விட்டால் நீங்கள் என்னை நம்பி அதே குழியில் விழுவீர்கள். யாராக இருந்தாலும் ரத்தப் பரிசோதனை, தைராய்டு, மாதவிடாய், தூக்கம், மாத்திரைகள் ஆகியவற்றை முதல் வாரமே கேளுங்கள். இல்லாத குரல் காதில் கேட்பது, ஒரேயடியாகத் தூக்கமில்லாமல் உற்சாகமாக இருப்பது என்றால் அதற்கும் சமூகக் காரணம் தேடிக்கொண்டிருக்காமல் மாவட்ட அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அனுப்புங்கள். தலித்தாக இருப்பவருக்கும் இருமுனைக் கோளாறு வரும்.

ஜூன் 8

உங்கள் ஆசிரியரிடம் இந்த இழையைக் காட்டினீர்கள், 'ஆலோசகர் அரசியல் பேசக் கூடாது' என்றார் என்று எழுதியிருக்கிறீர்கள். அவரிடம் மரியாதையாகவே சொல்லுங்கள்: 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 18-ஆம் பிரிவு, பாலினம், பாலியல் நாட்டம், மதம், பண்பாடு, சாதி, வர்க்கம், மாற்றுத்திறன் எதை வைத்தும் பாகுபாடில்லாத சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. சட்டத்திலேயே சாதி என்ற சொல் இருக்கிறது. நம் குறிப்பேட்டில் அந்தச் சொல் வந்தால் அது அரசியலா?

இன்னொரு உதாரணம் எனக்குப் பிடித்தது. 2021-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் பெற்றோரிடமிருந்து பாதுகாப்புக் கேட்டு இரண்டு பெண்கள் போட்ட வழக்கு நீதிபதி ஆனந்த் வெங்கடேஷிடம் வந்தது. தன்பாலீர்ப்பு பற்றித் தனக்கே முழுப் புரிதல் இல்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, ஒரு உளவியலாளரோடு அமர்வுக்கு உட்கார்ந்துவிட்டுத்தான் ஜூன் 7 உத்தரவை எழுதினார். 'மாற்று சிகிச்சை' என்ற பெயரில் ஒருவரின் நாட்டத்தை மாற்ற முயல்வதற்குத் தடை அதில்தான் வந்தது. 2022-ல் தேசிய மருத்துவ ஆணையமும் அதைத் தொழில் ஒழுங்கீனம் என்று அறிவித்தது. ஒரு நீதிபதி தனக்குத் தெரியாது என்று சொல்லிக் கற்றுக்கொள்ள உட்கார முடிகிறது. நாம் எந்த மூலைக்கு?

போன மாதம் 22-ஆம் தேதி அதே நீதிமன்றத்தின் இன்னொரு அமர்வு, குடும்பம் அமைக்கத் திருமணம் மட்டுமே வழி இல்லை, தேர்ந்தெடுத்துக்கொண்ட குடும்பம் என்ற ஒன்றும் உண்டு என்று சொல்லியிருக்கிறது. படிவத்தில் பேனாவோடு உட்கார்ந்திருந்தவருக்கு போனில் படித்துக் காட்டினேன். "எங்கம்மா பேரை இனி எழுதலாமா?" என்றார்.

ஜூன் 21

'அக்கா' என்று கூப்பிட்டால் எல்லை மீறலா என்று கேட்டீர்கள். பயிற்சியில் மீறல் என்றுதான் எனக்கும் சொன்னார்கள். நம் மொழியில் உறவுப் பெயர் இல்லாமல் ஒருவரோடு ஒரு வருடம் பேசுவது கஷ்டம். 'மேடம்' என்பது ஆபீசில் கைகட்டி நின்ற சொல். அவர்கள் விருப்பப்படி கூப்பிடட்டும், நான் 'ங்க' சேர்த்தே பேசுவேன். பணம் கடன், கல்யாணப் பத்திரிகை, வீட்டுக்கு வருவது, இங்கேதான் எல்லை வேண்டும். கூப்பிடும் பெயரில் வேண்டாம். இதில் எனக்கு இன்னும் முழுத் தெளிவு இல்லை, ஐந்து வருடம் கழித்து நீங்கள் எனக்குச் சொல்லுங்கள்.

மொழிபெயர்ப்பாளருக்கு யார் காசு கொடுப்பது என்பதற்கு: வருபவர் தலையில் கட்டாதீர்கள். உங்கள் மையத்தில் இப்போதே கேளுங்கள், ஆள் வந்த பிறகு கேட்டால் குடும்பத்தார் யாரையாவது உட்காரவைத்துவிடுவார்கள். பெண்ணாக இருந்தால் நல்லது, அதே ஊராக இல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. தொடங்கும் முன் பத்து நிமிடம் அவரோடு தனியாகப் பேசுங்கள்: சுருக்காதீங்க, மென்மையாக்காதீங்க, வசைச்சொல் வந்தா அதையும் அப்படியே சொல்லுங்க. பேசும்போது மொழிபெயர்ப்பாளரைப் பார்க்காமல் வந்தவரைப் பாருங்கள். எனக்கு அது பழகவே இரண்டு மாதம் ஆனது.

மில் பெண் இப்போது தையல் வகுப்புக்குப் போகிறார். போன வாரம் வந்தார். காது கேளாதவர்கள் ஒவ்வொருவருக்கும் சைகையில் ஒரு பெயர் வைப்பார்கள். எனக்கும் வைத்திருக்கிறாராம். என்ன என்று கேட்டேன். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் சேர்த்து, ஜன்னல் கதவு மாதிரி இரு பக்கமும் விரித்துக் காட்டினார். நாற்காலியை மாற்றிப் போட்ட நாளை வைத்துத்தான்.

உங்களுக்குத் திங்கட்கிழமை முதல் நாள். அறைக்குப் போனதும் எதிர் நாற்காலியில் ஒருமுறை உட்கார்ந்து, அங்கிருந்து உங்கள் முகம் தெரியுமா என்று பாருங்கள். டம்ளர் இரண்டு வாங்கிக்கொண்டு போங்கள்.